ஏட்டில் உள்ள காவலரும் தெருவில் உள்ள காவலரும்: உங்கள் ஊரில் நீங்கள் கண்டது என்ன?

தென்வளைகுடா வாசி எழுதியது:

கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயை ஒட்டிய ஒரு சிறு நகரில் பதினெட்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். என் ஊரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போவதில் கொஞ்சம் மனக்குறையும் கலந்திருக்கிறது; அதை ஓர் அலுவலகத்தின் தலையில் கட்டுவது என் நோக்கமன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் இரவில், வாசலில் நின்றிருந்த எங்கள் காரின் பின்கண்ணாடியை உடைத்து, மகளின் நடனப் பையை யாரோ எடுத்துச் சென்றுவிட்டார்கள். உள்ளே இருந்தவை ஒரு ஜோடிச் சலங்கையும் இரண்டு பயிற்சிப் புடவைகளுமே. திருடியவருக்கு அவை எதற்குப் பயன்பட்டன என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. காவல்துறையை அழைத்தபோது, பேசிய பெண்மணி இரண்டே கேள்விகள் கேட்டார்: ஆள் இன்னும் அங்கே நிற்கிறாரா, யாருக்கேனும் காயம் உண்டா? இரண்டுக்கும் இல்லை என்றதும், இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லி, காப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுமாறு ஓர் எண்ணைக் கொடுத்தார். மூன்றாம் நாள் ஒரு காவலர் அழைத்து, அன்றிரவு ஊர் முழுமைக்கும் மூன்று ரோந்து வண்டிகள்தாம் ஓடின என்றும், அவற்றில் இரண்டு ஒரு விபத்து நடந்த இடத்தில் விடியும்வரை நின்றுவிட்டன என்றும் தயக்கத்தோடு சொன்னார்.

இத்தனை வரி கட்டியும் மூன்றே வண்டிகளா என்று எனக்குக் கோபம் வந்தது. இங்கே நிதியாண்டு ஜூலை முதல் தேதி தொடங்குகிறது. மே மாதத்தில் வரைவு நிதிநிலை அறிக்கை வெளியாகி, நகர மன்றம் பொதுமக்களின் கருத்தைக் கேட்ட பின் ஜூனில் நிறைவேறும். அந்த ஆண்டுக் கூட்டத்திற்கு, காவலர் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று இரண்டு நிமிடப் பேச்சு ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு மூதாட்டி கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். நூலகத்தின் ஞாயிற்றுக்கிழமை நேரத்தை வெட்டக் கூடாது என்று பேச வந்தவர் அவர். மடியில் நிதிநிலை அறிக்கை முழுவதும் அச்சிட்ட பிரதியாக இருந்தது. மளிகைச் சீட்டுகளைக் கிழித்துப் பக்க அடையாளமாகச் செருகியிருந்தார். நான் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டு, ஒரு பக்கத்தைப் புரட்டி விரல் வைத்துக் காட்டினார். காவல்துறைக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் ஒரு வரியில் இருந்தன. அவற்றில் நிரம்பியவை இன்னொரு வரியில். நிரம்பியவர்களிலும் பயிற்சிப் பள்ளியில் இருப்போர், காயத்தாலும் நீண்ட விடுப்பாலும் வராதோர் ஆகியோரைக் கழித்த பின் எஞ்சுவோர் மூன்றாவது வரியில். மூன்று எண்களும் படிக்கட்டுபோல இறங்கின. முதல் வரிக்கு உரிய சம்பளம் முழுவதும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது. ஆள் இல்லாத இடங்களின் பணம், இருக்கிறவர்களின் மிகைநேர ஊதியமாக மாறிக்கொண்டிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை ஓர் அமெரிக்கப் பாட்டி எனக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். நான் எழுதிவந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, என் முறை வந்தபோது ஒரே கேள்வியை மட்டும் கேட்டேன்: இன்றிரவு வண்டியில் இருப்பவர்கள் எத்தனை பேர்?

பதில் சொல்வதற்குக் காவல்துறைத் தலைவர் எடுத்துக்கொண்ட நேரத்தைவிட, அவருக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர்கள் காகிதங்களைப் புரட்டிய நேரம் அதிகம்.

பக்கத்து நகரமான சான் ஹோசேயின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் இதன் மூலகாரணம் எனக்குப் புரிந்தது. 2008 வாக்கில் அங்கே சுமார் 1,400 காவலர்கள் இருந்தார்கள். ஊழியர்களின் ஓய்வூதியச் செலவு பத்தாண்டுகளில் மும்மடங்குக்கு மேல் ஏறியிருந்த நிலையில், பொருளாதார வீழ்ச்சியால் வருவாயும் சுருங்கவே, 2011இல் 66 காவலர்களை நகரம் பணிநீக்கம் செய்தது. அடுத்த ஆண்டு ஜூனில், ஓய்வூதியப் பலன்களைக் குறைக்கும் ‘பி’ என்ற முன்மொழிவுக்கு வாக்காளர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் ஆதரவளித்தார்கள். வழக்குகள் தொடர்ந்தன, இளம் காவலர்கள் அக்கம்பக்கத்து நகரங்களுக்கு வேலை மாறினார்கள், எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. 2016இல் நெருக்கடி நிலையை அறிவித்து, துப்பறியும் பிரிவுகளில் இருந்தவர்களை ரோந்துக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு நவம்பரில் ‘எஃப்’ முன்மொழிவின் மூலம் ‘பி’யின் விதிகள் மாற்றப்பட்டன. புதிதாக ஒருவரைச் சேர்த்தால், ஆறு மாதம் பயிற்சிப் பள்ளி, பிறகு சில மாதங்கள் மூத்தவரோடு களப்பயிற்சி என்று, அவர் தனியாக வண்டி ஓட்டவே ஓராண்டு ஆகிவிடும். ஒரே வாக்கெடுப்பில் இழந்தவர்களை ஒரே வாக்கெடுப்பில் மீட்க முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. சான் ஹோசேயின் தெற்குப் பகுதியில் 8 கோடி டாலருக்கும் மேல் செலவழித்துக் கட்டிய துணைக் காவல் நிலையம் 2010இல் தயாராகியும், ஆள் இல்லாததால் ஆண்டுக்கணக்கில் திறக்கப்படவில்லை. கட்டி முடித்த நான்கு கிளை நூலகங்களும் அவ்வாறே 2013 வரை காத்திருந்தன. கட்டடங்களுக்கான பணம் வாக்காளர்கள் ஒப்புதல் தந்த கடன்பத்திரங்களிலிருந்து வந்தது. அதிலிருந்து சம்பளம் கொடுக்கச் சட்டம் இடம் தராது. விளக்கு வாங்கக் கடன் கிடைத்தது, எண்ணெய்க்குக் கிடைக்கவில்லை.

உங்கள் ஊரில் இத்தகைய அனுபவம் நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

சன்னிவேல் குடும்பத்தலைவி எழுதியது:

எங்கள் அனுபவம் சிறியது. தீபாவளிக்கு முந்தைய நாள் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தபோது வாணலி எண்ணெய் தீப்பற்றிக்கொண்டது. மூடியைப் போட்டு அணைத்துவிட்டேன், ஆயினும் புகையைக் கண்ட பக்கத்து வீட்டார் அழைத்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டிக்கு முன்பே ஒரு காவல் ரோந்து வண்டி வந்து நின்றது. இறங்கிய காவலர் வண்டியின் பின்பெட்டியைத் திறந்து, தீயணைப்பு வீரரின் கனத்த மேலங்கியையும் தலைக்கவசத்தையும் அணிந்துகொண்டு சமையலறைக்குள் நுழைந்ததைக் கண்டு, என் மாமியார் இது ஏதோ வேடம் என்றே நினைத்துவிட்டார்.

சான் ஹோசேக்கு அருகிலுள்ள எங்கள் சன்னிவேல் நகரில் 1950ஆம் ஆண்டு முதல் காவல், தீயணைப்பு, அவசர மருத்துவ உதவி ஆகிய மூன்றுக்கும் ஒரே துறைதான். அதன் அலுவலர்கள் மூன்றிலும் பயிற்சி பெற்று, மாறிமாறிப் பணியாற்றுகிறார்கள். ஒரே ஆள் இரண்டு எண்ணிக்கையிலும் நிற்கிறார் என்று அதைச் சொல்லலாம். ஆனால் நீங்கள் சொன்ன பயிற்சிக் காலம் இங்கே இன்னும் நீள்கிறது என்பதால், ஒருவர் ஓய்வுபெற்றால் அவ்விடத்தை நிரப்புவது எளிதன்று. அருகிலுள்ள கூப்பர்டினோவில் தனிக் காவல்துறையே கிடையாது. மாவட்டத்தின் காவல் அமைப்பான ஷெரிஃப் துறைக்கு ஒப்பந்தப் பணம் செலுத்தி, அங்கிருந்து காவலர்களைப் பெறுகிறார்கள்.

வலேஹோ செவிலி எழுதியது:

நான் பணி மாறுதலில் அதே கலிஃபோர்னியாவில் உள்ள வலேஹோவுக்கு வந்தபோது நகரம் திவால் மனு தாக்கல் செய்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2008 மே மாதம் மனு தாக்கலானபோது நகரப் பொது நிதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு காவலுக்கும் தீயணைப்புக்குமே சென்றுகொண்டிருந்தது. 1996இல் மேர் ஐலண்ட் கடற்படைக் கப்பல்தளம் மூடப்பட்டபோதே ஊரின் வருவாய்க்கு முதுகெலும்பு முறிந்துவிட்டது என்று மருத்துவமனையின் மூத்த ஊழியர்கள் அடிக்கடி சொல்வார்கள். காவலர் எண்ணிக்கை சுமார் 150இலிருந்து 90 அளவுக்குக் குறைந்தது. தீயணைப்பு நிலையங்கள் சில மூடப்பட்டன.

நான் குறிப்பாகச் சொல்ல வந்தது வேறு ஓர் அனுபவம். 2011 நவம்பரில் விற்பனை வரியை ஒரு விழுக்காடு உயர்த்த மக்கள் மிகச் சிறிய வாக்கு வித்தியாசத்தில் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கூடுதல் வருவாயில் ஒரு பங்கை எதற்குச் செலவிடுவது என்று குடியிருப்போரே வாக்களித்து முடிவு செய்யலாம் என நகர மன்றம் 2012இல் தீர்மானித்தது. அமெரிக்காவில் நகரம் முழுவதற்குமாக அவ்வாறு செய்தது அதுவே முதன்முறை. நகரில் வசிப்பவராக இருந்து, 16 வயது நிரம்பியிருந்தால் போதும். வேலை விசாவில் இருந்த எனக்கு, இந்த நாட்டில் எந்தப் பெட்டியிலும் வாக்குச்சீட்டுப் போடும் உரிமை அதுவரை இருந்ததில்லை. இரவுப் பணி முடிந்து சீருடையோடு போய் 2013 மே மாதம் வாக்களித்தேன். எனக்கு முன்னால் நின்ற பள்ளி மாணவன் சீட்டை நிரப்புவதற்கு என்னைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

சாலைக் குழிகளை மூடுவதற்கு நான் வாக்களித்தேன். என் மனத்தில் முதலில் இருந்தது காவல்தான். ஆனால் ஓராண்டுப் பணத்தைக் கொண்டு முப்பது ஆண்டு வேலை பார்க்கும் ஒருவரை நியமிக்க முடியாது என்று அங்கிருந்த தன்னார்வலர் விளக்கினார். குழியை மூடலாம், விளக்கை மாட்டலாம், பூங்காவில் பெஞ்சு போடலாம். ஆளைச் சேர்க்க முடியாது. முதலில் எழுதியவர் சொன்ன விளக்கு, எண்ணெய் விவகாரம் இங்கும் அதுவே.

ஓய்வுபெற்ற வரித்தண்டலர் எழுதியது:

தமிழ்நாட்டின் ஒரு நகராட்சியில் இருபத்தாறு ஆண்டுகள் வரித்தண்டலராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். ஊர் வேண்டாம். உங்கள் பதிவுகளைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஏனெனில் காவலரையும் நூலகத்தையும் ஒரே மேசையில் வைத்து ஒரு நகர மன்றம் எடைபோடுவதை நான் என் பணிக்காலத்தில் ஒருநாளும் கண்டதில்லை.

இங்கே காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். காவலரின் சம்பளம், வண்டி, எரிபொருள் அனைத்தும் மாநில அரசின் காவல் மானியக் கோரிக்கையிலிருந்து வருபவை. 74ஆவது அரசமைப்புத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்காக வகுத்த பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகள் உள்ளன. அவற்றில் தெருவிளக்கு உண்டு, காவல் இல்லை. நகராட்சி வசூலிக்கும் சொத்து வரியில் ஒரு பைசாகூடக் காவல் நிலையத்திற்குச் செல்வதில்லை. நூலகமும் அப்படியே: 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்து நாங்கள்தாம் வசூலிப்போம், ஆனால் அது நூலக ஆணைக்குழுவுக்குச் சேர வேண்டிய பணம். சேர வேண்டிய நேரத்தில் சேர்ந்ததா என்பது வேறு கதை. அதற்குள் நுழைந்தால் இந்தப் பதிவு முடியாது.

வீட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் தெரிய வேண்டிய அவசியம் இல்லையே. அரையாண்டுக் கேட்பு அறிவிப்போடு ஒரு தெருவுக்குள் நுழைந்தால் முதல் வசை எனக்குத்தான். தெருக்கோடியில் தனியாக வசித்த ஓர் அம்மாள், இரண்டு அரையாண்டு நிலுவை வைத்திருந்தார். “ராத்திரி போலீஸ் எட்டிப் பாக்காத தெருவுக்கு என்னத்துக்குத் தம்பி வரி?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய், ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்துவந்தார். ரோந்துக் காவலர் வந்து கையெழுத்திடும் பட்டா புத்தகம் அது. முதல் ஐந்தாறு பக்கங்களில் தேதி, நேரம், கையெழுத்து என்று ஒழுங்காக இருந்தது. பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று, அதன் பிறகு வெற்றுத்தாள். காவல் வேறு அரசு, நான் வேறு அலுவலகம் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கம்பத்து விளக்கைக் கைகாட்டி, “அது யாரோடது?” என்றார். அது எங்களுடையது. மூன்று மாதமாக எரியவில்லை.

மறுநாள் மின்பணியாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, மனம் கேளாமல் காவல் நிலையத்திற்கும் போனேன். பாராவுக்கு ஒருவர், எழுத்தர் ஒருவர், அவ்வளவே. மற்றவர்கள் எங்கே என்று கேட்டதற்கு, ஏட்டு தன் விரல்களை மடக்கினார்: தேர்த் திருவிழா பந்தோபஸ்து, நீதிமன்றப் பணி, கைதியை வழிக்காவலில் அழைத்துச் சென்றவர்கள், அயற்பணியாக வேறு அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கிறவர்கள். சுவரில் இருந்த பலகையில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் வெள்ளை வண்ணத்தில் அழகாக எழுதப்பட்டிருந்தன. உங்கள் மூதாட்டி காட்டிய முதல் வரி எங்கள் ஊரில் சுவரிலேயே இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் வரிகள் ஏட்டின் விரல்களில் மட்டுமே இருந்தன.

தென்வளைகுடா வாசி எழுதியது:

ஐயா, உங்கள் பதிவைப் படித்த பின் நான் என் கோபத்தைச் சற்று வேறு விதமாகப் பார்க்கிறேன். எங்கள் ஊரில் நான் யாரிடம் கேட்க வேண்டும் என்பதாவது எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு கேள்வி: அந்த அம்மாள் நிலுவையைக் கட்டினாரா? விளக்கு எரிந்ததா?

ஓய்வுபெற்ற வரித்தண்டலர் எழுதியது:

விளக்கு பதினொரு நாளில் எரிந்தது. அவர் அன்றே ஒரு அரையாண்டு வரியைக் கட்டினார். மற்றதைப் போலீஸ் வந்த பிறகு தருவதாகச் சொல்லிவிட்டார். அடுத்த கேட்புக்குப் போனபோது பட்டா புத்தகத்தில் புதிதாக இரண்டு கையெழுத்துகள் இருந்தன. பின்பக்கத்திலிருந்து விடுமுறைக்கு வந்த பேரன் பதினாறாம் வாய்பாடு வரை எழுதிவைத்திருந்தான்.