குக்கரில் கம்பஞ்சோறு பதமாக வரவில்லை, வழி சொல்லுங்கள்

ஆத்தா வைக்கிற கம்பஞ்சோற்றை, வேலைக்குக் கிளம்பும் முன் அரை மணியில் முடிக்கப் பார்க்கிறேன். மூன்று வாரமாகத் தோல்விதான்.

இருப்பது சென்னை. 3 லிட்டர் அலுமினிய குக்கர், கேஸ் அடுப்பு. முழுக் கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசிறி, 10 நிமிடம் கழித்து மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, உமியைப் புடைத்து, ரவையாக உடைக்கிறேன். 1 டம்ளருக்கு 4 டம்ளர் தண்ணீர், 5 விசில். திறந்தால் மேலே கஞ்சி, அடியில் கருகல், நடுவில் நறுக்கென்று கடிபடும் குருணை.

தண்ணீரைக் கூட்டினேன், விசில் வழியே பொங்கி அடுப்பெல்லாம் கஞ்சி. இரவே ஊறவைத்தேன், புளித்துவிட்டது. கூழுக்குச் சரி, சோற்றுக்கு ஆகாது. மண்பானையில் நன்றாகவே வருகிறது, ஆனால் முக்கால் மணி நேரம் நின்று துடுப்பு போட யாரால் முடியும்?

உருண்டை பிடிக்கும் பதம் வர, மாவைச் சலித்துப் பிரித்து, குருணை வெந்த பிறகு கரைத்து ஊற்ற வேண்டுமா?