ஐஸ்பிரேக்கர் கப்பலில் வேலையும் பயிற்சியும்: போய் வந்தவர்களின் அனுபவங்கள்

டெக் அதிகாரி

ஐஸ்பிரேக்கர் என்றதும் கத்தி மாதிரி ஐஸைப் பிளந்துகொண்டு போகும் கப்பல்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நடப்பது வேறு. முன்பகுதி அடியில் சரிவாக இருக்கும். இன்ஜின் தள்ளத் தள்ள அந்தச் சரிவு ஐஸ்மேல் ஏறும், கப்பலின் எடை தாங்காமல் ஐஸ் கீழ்நோக்கி முறியும். முறிந்த கட்டிகள் அடியில் புரண்டு இரண்டு பக்கமும் ஒதுங்கும். பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தள அறையில், நிற்கும்போது இந்த ஏற்றமும் இறக்கமும் காலில் தெரியும். கொஞ்ச நாளில் கண்ணை மூடிக்கொண்டே ஐஸ் கனமாகிறதா, லேசாகிறதா என்று சொல்லிவிடலாம்.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: குதிரைத்திறனை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். எத்தனை பெரிய ஐஸ்பிரேக்கராக இருந்தாலும் பலவீனமான ஐஸைத் தேடித்தான் போகும். ஒரு குளிர்காலத்தில் உறைந்த ஐஸுக்கும், கோடையைத் தாண்டி நின்ற பழைய ஐஸுக்கும் பலத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. பழைய ஐஸிலிருந்து உப்புநீர் வடிந்துவிடுவதால் அது இறுகிப்போயிருக்கும். மேடுகள் வெயிலில் கரைந்து மழுங்கியிருக்கும், நிறத்தில் நீலம் கூடுதலாகத் தெரியும். புது ஐஸ் ஒன்றோடொன்று மோதி எழுந்த மேட்டில் விளிம்புகள் கூர்மையாக நிற்கும். பார்த்தவுடன் இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரிடம் ஹெல்மை, அதாவது கப்பலைத் திருப்பும் சக்கரத்தை, தைரியமாகக் கொடுக்கலாம்.

வானத்தையும் படிக்க வேண்டும். தூரத்தில் ஐஸ் இருந்தால் மேகத்தின் அடிப்பக்கம் வெளிறிப் பளபளக்கும். திறந்த நீர் இருந்தால் அதே மேகத்தில் கறுப்புத் திட்டு விழும். ரேடார் எல்லாவற்றையும் காட்டாது. அலை இருக்கும்போது நீரோடு நீராகக் கிடக்கும் சிறிய பனிப்பாறைத் துண்டுகள் அலையின் எதிரொலிக்குள் மறைந்துவிடும். தண்ணீரில் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, ஐஸ் விளிம்பைச் செங்குத்தாகச் சந்தித்து நுழையச் சொல்வது இதனால்தான்.

எனக்குக் கற்றுக்கொடுத்த கேப்டன் முன்னால் பார்ப்பதைவிடப் பின்னால் அதிகம் பார்ப்பார். நாம் வெட்டிவந்த கால்வாய் திறந்தே கிடந்தால் கவலை இல்லை. கப்பல் கடந்த உடனே மூடிக்கொண்டால் காற்று ஐஸை ஒரே பக்கமாக அழுத்துகிறது என்று அர்த்தம். அங்கே கப்பலை நிறுத்தவே விடமாட்டார்.

இந்த அழுத்தம் என்ன செய்யும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. 2013 டிசம்பரில் அண்டார்டிகாவின் காமன்வெல்த் விரிகுடா அருகே அகாடமிக் ஷோகால்ஸ்கி என்ற ரஷ்யக் கப்பல் சிக்கியது. காப்பாற்றப் போன சீனாவின் ஷுவே லோங் ஐஸ்பிரேக்கரும் மாட்டிக்கொண்டது. அதன் ஹெலிகாப்டர்தான் 2014 ஜனவரி 2 அன்று 52 பயணிகளை ஆஸ்திரேலியாவின் அரோரா ஆஸ்ட்ராலிஸ் கப்பல் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது. சில நாளில் காற்று திசை மாறியது, இரண்டு கப்பல்களும் தாங்களாகவே வெளியே வந்தன.

மேடு குறுக்கே வந்து கப்பல் நின்றுவிட்டால் பின்வாங்கி மறுபடி மோத வேண்டும். இதில் மோதுவதைவிட ஆபத்தானது பின்வாங்குவது. ரட்டரும் (கப்பலைத் திருப்பும் சுக்கான்) ப்ரொப்பெல்லரும் ஐஸுக்குள் போவது அப்போதுதான். அந்த கேப்டன் "மிட்ஷிப்" (ரட்டரை நேராக வை) என்று சொல்லிவிட்டு ரட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். முள் பூஜ்யத்தில் நின்ற பிறகுதான் கை இன்ஜின் லீவருக்குப் போகும். ரட்டர் ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது பின்னால் போனால் ஐஸ் அதை வளைத்துவிடும். வடதுருவக் கடலில் ரட்டர் இல்லாத கப்பலை நினைத்துப் பாருங்கள். அவர் ஒருமுறைகூட அந்த முள்ளைப் பார்க்காமல் லீவரைத் தொட்டதில்லை.

இன்ஜினியர்

பிரிட்ஜில் இருப்பவர்களுக்கு ஐஸ் கண்ணுக்குத் தெரியும். கீழே எங்களுக்கு அது கேஜ்களில் தெரியும். துருவக் கடலில் இன்ஜின் ரூமின் முதல் எதிரி குளிர் இல்லை, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்தான். கடல்நீரை உள்ளே எடுக்கும் சீ செஸ்டுக்குள் நொறுங்கிய ஐஸ் கூழாகப் புகுந்துவிடும். முதலில் பம்பின் சக்‌ஷன் பிரஷர் மெல்ல இறங்கும். அடுத்து ஜாக்கெட் வாட்டர், அதாவது இன்ஜினைச் சுற்றி ஓடும் குளிர்விக்கும் தண்ணீரின், வெப்பநிலை ஏறும். ஸ்ட்ரெய்னரை (வடிகட்டியை) திறந்தால் சாம்பல் நிறச் சேறு மாதிரி ஐஸ் கெட்டியாக அடைத்திருக்கும், கையுறை போட்ட கையால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். வெளியே தண்ணீர் −1.8 டிகிரி, உள்ளே இன்ஜின் சூடு தாங்காமல் அலாரம் அடிக்கும்.

நல்ல ஐஸ்பிரேக்கரில் இதற்கு வழி வைத்திருப்பார்கள். இன்ஜினிலிருந்து சூடாக வெளியேறும் தண்ணீரையே சீ செஸ்டுக்குத் திருப்பிவிட்டு ஐஸைக் கரைக்கலாம். அதுவும் போதாவிட்டால் கடலை விட்டுவிட்டு, கப்பலைச் சமநிலையில் வைக்கும் பேலஸ்ட் டேங்க் தண்ணீரையே சுற்றவிடலாம். வால்வுகள் எங்கே, எந்த வரிசையில் திறப்பது என்பதை ஐஸுக்குள் நுழைவதற்கு முன்பே நடந்து பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். அலாரம் அடிக்கும்போது டிராயிங்கைத் தேடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது நல்ல காட்சி இல்லை.

பெரும்பாலான ஐஸ்பிரேக்கர்களில் ப்ரொப்பெல்லரைச் சுழற்றுவது மின்மோட்டார். டீசல் ஜெனரேட்டர் மின்சாரம் தரும், மோட்டார் சுற்றும். ஐஸ் கட்டி ப்ரொப்பெல்லர் இலைகளுக்கு நடுவே மாட்டும்போது, குறைந்த சுற்றிலும் மோட்டார் முழு முறுக்குவிசையைக் கொடுக்கும். நேரடியாக இணைத்த டீசல் என்றால் அந்த இடத்தில் திணறி நின்றுவிடலாம். ரஷ்யர்கள் சில ஐஸ்பிரேக்கர்களில் ஜெனரேட்டருக்கே அணு உலையிலிருந்து நீராவி கொடுக்கிறார்கள். 1977 ஆகஸ்ட் 17 அன்று வடதுருவத்தைத் தொட்ட முதல் மேற்பரப்புக் கப்பலான ஆர்க்டிகா அந்த வகைதான்.

புதிதாக வருபவர்கள் பயப்படுவது ஹீலிங் டேங்க் ஓடும்போது. ஐஸ் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தால் டன் கணக்கில் தண்ணீரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பம்ப் செய்து கப்பலை ஆட்டி விடுவிப்போம். கடல் அசையாமல் இருக்க, கப்பல் மட்டும் இடதும் வலதும் சாயும். இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் யாரும் லைஃப் ஜாக்கெட்டோடு ஓடிவர மாட்டார்கள்.

தூக்கம் பற்றிக் கேட்பார்கள். தலையணைக்கு அந்தப் பக்கம் இரும்பு, அதற்கு அந்தப் பக்கம் உடைந்துகொண்டிருக்கும் ஐஸ். ஒரு வாரத்தில் பழகிவிடும். அதன்பிறகு கப்பல் நின்றால்தான் விழிப்பு வரும், போட்டது போட்டபடி எல்லோரும் கீழே ஓடுவோம்.

கடல்பனி ஆய்வாளர்

நான் கப்பலோட்டி இல்லை, ஆய்வுக்காகப் போனவள். பிரிட்ஜில் இருப்பவர்களுக்கு ஐஸ் கண்ணுக்குத் தெரியும் என்று இன்ஜினியர் சார் சொன்னார், அதில் ஒன்றைச் சேர்க்கிறேன். பிரிட்ஜில் மணிக்கு ஒருமுறை நின்று ஐஸைப் பதிவு செய்வது எங்கள் வேலை. பத்தில் எத்தனை பங்கு கடலை ஐஸ் மூடியிருக்கிறது, என்ன வகை, எவ்வளவு தடிமன், மேலே எவ்வளவு பனி என்று எழுத வேண்டும். தடிமனுக்குக் கப்பலின் பக்கவாட்டில் அளவு தெரிந்த ஒரு பொருளைத் தொங்கவிடுவோம். உடையும் கட்டி புரண்டு விளிம்பைக் காட்டும் அந்த ஒரு நொடியில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டெக் அதிகாரிகள் எங்கள் நோட்டை எட்டிப் பார்ப்பார்கள், நாங்கள் அவர்களிடம் கேட்டுத் திருத்திக்கொள்வோம். சாட்டிலைட் படத்தில் தெரியாதது அந்த விளிம்பில் தெரியும்.

கப்பல் நின்று ஐஸ்மேல் இறங்கும்போது, வடக்கே என்றால் துப்பாக்கியோடு துருவக்கரடிக் காவல் இல்லாமல் ஒருவரும் கால் வைக்கக்கூடாது. மூடுபனி வந்தால் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஏற வேண்டும். இதில் விஞ்ஞானியின் அவசரத்துக்கு இடமே கிடையாது. அது எனக்கு மிகவும் பிடித்த விதி.

குளிர்காலத்தில் அங்கே போய்ச் சேர்வதே எவ்வளவு பாடு என்பதற்கு மொசைக் என்ற ஆர்க்டிக் ஆய்வுப் பயணத்தைப் பாருங்கள். ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் 2019 செப்டம்பரில் ட்ரோம்சோவிலிருந்து கிளம்பி, ஒரு ஐஸ் பாளத்தோடு கட்டிக்கொண்டு மிதந்தது. அதற்குச் சாமானும் மாற்று ஆட்களும் கொண்டுபோன ரஷ்ய ஐஸ்பிரேக்கர் கபிதான் திரனீத்சின் 2020 பிப்ரவரி கடைசியில்தான் சேர்ந்தது. கனமான ஐஸில் எரிபொருள் செலவாகிப்போக, அது திரும்பி வர அட்மிரல் மகாரோவ் என்ற இன்னொரு ஐஸ்பிரேக்கரை அனுப்பி டீசல் கொடுக்க வேண்டியிருந்தது.

டெக் அதிகாரி

பயிற்சி, சான்றிதழ் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு. துருவக் கடலில் ஓடும் கப்பல்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பான போலார் கோடு 2017 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அதற்கேற்ற எஸ்டிசிடபிள்யூ (கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழுக்கான சர்வதேச ஒப்பந்தம்) பயிற்சி விதிகள் 2018 ஜூலை 1 முதல். பேசிக், அட்வான்ஸ்டு என இரண்டு நிலை. அட்வான்ஸ்டு கேப்டனுக்கும், அவருக்கு அடுத்த டெக் அதிகாரியான சீஃப் மேட்டுக்கும் உரியது. அதற்கு பேசிக் தகுதியோடு, டெக் பிரிவில் குறைந்தது இரண்டு மாத துருவக் கடல் சர்வீஸ் அல்லது அதற்கு இணையாக ஏற்கப்பட்ட சர்வீஸ் வேண்டும்.

சிமுலேட்டரை அலட்சியம் செய்யாதீர்கள். ஐஸ்பிரேக்கர் பின்னால் கான்வாயில் (வரிசையாக) போகும்போது முன் கப்பல் மேட்டில் மோதித் திடீரென்று நின்றால் என்ன செய்வது என்பதை நிஜத்தில் பழகிப் பார்க்க முடியாது. இடைவெளி கூடினால் கால்வாய் மூடிக்கொள்ளும், குறைந்தால் முன்னால் இருப்பவர்மேல் ஏறிவிடுவோம். அந்த இடைவெளியைக் கண்ணில் பதியவைக்க சிமுலேட்டரைப் போல வேறு இடம் இல்லை.

உயிர்காப்புப் பாடத்திலும் முழு கவனம் வையுங்கள். மீட்பு வர ஆகும் நேரத்தை 5 நாளுக்குக் குறைவாகக் கணக்கிடவே கூடாது என்பது போலார் கோடு விதி. அத்தனை நாள் லைஃப் போட்டிலோ ஐஸ்மேலோ ஆட்களைச் சூடாக வைத்திருக்கத் தெரிய வேண்டும்.

பால்டிக் கடலில் ஐஸில் ஓடியவர்கள் அந்த சர்வீஸ் செல்லுமா என்று கேட்கிறார்கள். பால்டிக் போலார் கோடு எல்லைக்குள் வராது. இணையான சர்வீஸாக ஏற்பதா என்பதைச் சான்றிதழ் தரும் நிர்வாகம்தான் முடிவு செய்யும். கப்பல் ஏறுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும்போது எந்தத் தேதிகளில், எந்தப் பகுதியில், என்ன பொறுப்பில் ஐஸில் வாட்ச் (முறைவேலை) பார்த்தீர்கள் என்று கேப்டனிடம் கையெழுத்தும் முத்திரையும் போட்ட கடிதம் வாங்கிவிடுங்கள்.