18 வயதில் சிறுவர் இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைகள்: மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் நாம் கண்டவை

ஓய்வுபெற்ற ஆசிரியை:
இங்குள்ள ஓர் இல்லத்துப் பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி 18 வயது நிறைந்தவர் சிறார் அல்லர். இல்லத்தில் படுக்கைக்குக் காத்திருக்கும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரியவர்கள் கிளம்பத்தான் வேண்டும்.

பெட்டி, போர்வை எல்லாம் வாங்கித் தரலாம். குடியுரிமைப் பத்திரம் இல்லாத பிள்ளையை என்ன செய்வது? நான் பார்த்த ஒரு பெண்ணின் பெற்றோர் திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. அப்படிப் பிறந்த குழந்தையின் குடியுரிமை தாயைப் பொறுத்தே அமையும். தாயோ சிறுவயதிலேயே விட்டுப்போய்விட்டார். அவர் பால் வெட்டிய ரப்பர் தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து, செம்பனை நட்டுவிட்டார்கள். யாரிடம் போய்க் கேட்பது? தோட்டத்தின் பழைய கிராணி (எழுத்தர்) ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் சொன்ன ஊரில் தாயின் சிற்றன்னை இருந்தார். அவரிடம் தாயின் பழைய அடையாள அட்டையின் நகல் கிடைத்தது. விண்ணப்பம் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.

இல்லம் நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க 21 வயது வரை இடம் இருந்தது. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் அதை 18 ஆக்குகிறது. பிள்ளை இல்லத்துக்குள் கால் வைத்த வாரமே பத்திர வேலையைத் தொடங்குங்கள்.

மோட்டார் பட்டறை நடத்துபவர்:
ஆசிரியை சொல்வது சரி. என்னிடம் வந்த தம்பிக்குப் பத்திரம் எல்லாம் ஒழுங்காக இருந்தது, மைகார்டு என்ற அடையாள அட்டையைக்கூடப் புதுப்பித்திருந்தான். கைக்குப் பணம் வந்ததுதான் புதிது. முதல் சம்பளம் ஒரே வாரத்தில் கைப்பேசியாக மாறிவிட்டது. மணியடித்தால் சாப்பாடு என்று வளர்ந்தவனுக்கு அரிசி விலை எப்படித் தெரியும்? திட்டுவதில் பயனில்லை என்று வாரச் சம்பளமாக மாற்றினேன். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊழியர் சேமநிதிப் பணம் யாருக்குப் போக வேண்டும், யாரை நியமிக்கிறாய் என்று கேட்டேன். "உங்கள் பெயரைப் போடலாமா அண்ணே?" என்றான். முதலாளியின் பெயரை அதில் எழுதுவது முறையல்ல என்று இல்லத்தில் அவனோடு வளர்ந்த தங்கையின் பெயரை எழுத வைத்தேன். இப்போது இஞ்சினைத் தனியாகவே பிரித்து மாட்டுகிறான். கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

இல்லத்தில் வளர்ந்தவன், இப்போது ஈப்போவில்:
அண்ணன் தப்பாக நினைக்கக் கூடாது, எல்லா முதலாளிகளும் உங்களைப் போல் இல்லை. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் தங்க இடமும் சாப்பாடும் தருகிறோம் என்று சொல்லிச் சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்க ஆள் இல்லாதவன் என்று தெரிந்துதான் அப்படிச் செய்தார்கள். தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு வந்து எங்களோடு படம் எடுத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். வெளியே வந்து வாடகை அறை தேடியபோது இரண்டு மாத முன்பணமும் தெரிந்தவர் ஒருவரின் கையெழுத்தும் கேட்டார்கள். அந்தக் கையெழுத்துக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. கடைசியில் கோயில் பூசாரி ஐயா வந்து போட்டார்.

இல்லங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: கடைசி ஓராண்டாவது சந்தைச் செலவைப் பெரிய பிள்ளைகள் கையில் கொடுங்கள். பணம் தீர்ந்தால் தீரட்டும், அங்கே பட்டினி கிடக்க விடமாட்டீர்கள்.

ஆசிரியை அம்மா, அந்தப் பெண்ணுக்கு ஈப்போவில் வேலை கிடைத்தால் சொல்லுங்கள். என் மனைவியின் அக்கா வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. முன்பணமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்.