தெரிந்தவர் கையால் வந்த சோதனை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பாளைக்காரன்:
பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவது, "தாகமாயிருக்கிறேன்". அந்த நேரம் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ரம்மி ஆப். இன்று பணம் போட்டால் 200 ரூபாய் போனஸாம். ஜெபிக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு அதைப் படித்தேன். பக்கத்தில் அம்மா. ஒன்றும் கேட்கவில்லை. தன் பாட்டுப் புத்தகத்தை விரித்தபடியே என் மடியில் வைத்துவிட்டு, பார்க்காமல் பாடினார்கள்.

ஆப்பைக் காட்டியது பாடகர் குழுவில் என்னோடு டெனர் பாடுகிறவன், சண்டே ஸ்கூல் காலத்துச் சிநேகிதன். முதல் நாள் 500 போட்டு 1,800 எடுத்தேன். அப்புறம் 40,000-க்கு மேல் போனது. கடனை அடைத்துவிட்டேன். அம்மா புத்தகத்தை வைத்ததுதான் மூன்று வருடமாக மனதை விட்டுப் போகவில்லை.

மார்த்தாண்டம் அக்கா:
தம்பி, என் மகனுக்குப் பெண் பேசப் போன நாள். எங்கள் பக்கம் தெரியும்தானே, போதகர் ஜெபம்பண்ணி முடித்ததும் பவுன் பேச்சு. ஒன்றும் கேட்பதில்லை என்று முழங்காலில் நின்று முடிவெடுத்துத்தான் போனேன். வழியெல்லாம் என் மதினி காதில் ஓதிக்கொண்டே வந்தாள், "கேட்காட்டா பையனுக்கு ஏதோ குறைன்னு நினைப்பாங்க" என்று. அங்கே அவளே கேட்டும்விட்டாள். பெண்ணின் அப்பா அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் தட்டில் இருந்த முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரதட்சணை கூடாதென்று 1961-இலேயே சட்டம் வந்த விஷயம். மருமகள் இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுகரை:
நான் குடியை விட்ட முதல் டிசம்பர். வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸில் கடைசி வீடு, கேக்கோடு டம்ளரில் ஒயின். "வீட்ல போட்டதுதான், இது குடியில சேராது" என்றார் பெரியவர். வாசனை ஏறிவிட்டது. டம்ளரைக் குடில் பக்கத்தில் வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு வந்துவிட்டேன்.

பாளைத் தம்பி, சிநேகிதன்மேல் ஏன் பழி? சட்டமே இதில் தடுமாறியது. 2022-இல் தமிழ்நாடு தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் ரம்மி திறமை ஆட்டம், அதற்குத் தடை பொருந்தாது என்றது. 2025 ஆகஸ்டில்தான் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மத்திய அரசு மொத்தமாகத் தடைசெய்தது. ஆனால் ஆப் போனாலும் ஆசை போகாது. சம்பளக் கணக்கை அம்மாவும் பார்க்கும்படி வையுங்கள். கடன் ஆப்புகளை அழியுங்கள். ராத்திரி போன் படுக்கைக்குப் பக்கத்தில் வேண்டாம். ஜெபம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆதியாகமம் 39-இல் எஜமானின் மனைவி ஆசையோடு பிடித்து இழுத்தபோது யோசேப்பு அங்கே நின்று ஜெபிக்கவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். அப்புறம், யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் போகும் ஏஏ கூட்டமே (குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் குழு) 1935-இல் இரண்டு குடிகாரர்கள் உட்கார்ந்து பேசியதில் தொடங்கியதுதான்.

செபமாலை:
ஒயினை விட்டு ஓடலாம் அண்ணா. அன்பியத்தை, அதாவது பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் எங்கள் பங்குக் குழுவை, விட்டு எங்கே ஓடுவது? போன தவக்காலத்தில் எங்கள் வீட்டில் கூட்டம். செபமாலை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது, வேலை முடிந்து லேட்டாக வரும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு. தொடங்கியது நான் இல்லை. ஆனால் "நேத்துகூடப் பத்தரை மணி" என்று எடுத்துக் கொடுத்தது நான். திரும்பினால் அவள் அம்மா வாசலில். ஒரு கால் செருப்பைக் கழற்றியிருந்தார். அதைத் திரும்ப மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். காபி கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே விடவில்லை. இப்போது யார் பெயரையாவது எடுத்தால், "அவங்க அம்மா உள்ளே வந்தா இதைச் சொல்வோமா?" என்று கேட்டுவிடுகிறேன். இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை.

பாளைக்காரன்:
அண்ணா, அவன்மேல் பழி போடவில்லை. என்னைவிட அவன் அதிகம் இழந்தான். நான் வெளியே வந்தபோது அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டேன். நீங்கள் சொன்ன மாதிரி ஓடினேன், ஆனால் அவனை அங்கேயே விட்டுவிட்டு. ஞாயிறுதோறும் ஒரே வரிசையில் நின்று பாடுகிறோம். இந்தச் சனிக்கிழமை பிராக்டிஸ் முடிந்ததும் அவன் வீடுவரை கூடவே போகலாம் என்றிருக்கிறேன்.