பேத்தி பெயர் வரவில்லை, எட்டுப் பேர் பெயர் வந்தது

ஆவடி மகள்:
அப்பா 1987இல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். போன தீபாவளிக்கு எதிர்வீட்டில் பத்தாயிரம் வாலா கொளுத்தினார்கள். அப்பா பாப்பாவை இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டு பீரோ ஓரம் உட்கார்ந்துவிட்டார். சத்தம் அடங்கியதும், "பாப்பா பேர் என்னம்மா?" என்று என்னைக் கேட்டார். அவரே வைத்த பெயர். ஆனால் யாழ்ப்பாணத்தில் கூட இருந்த எட்டுப் பேரை வரிசையாக, ஊர் பெயரோடு சொன்னார். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பல்லாவரம்:
அறுபது தாண்டினால் வருகிற மறதிதான், சகோதரி. என் மாமனார் பட்டாளத்துக்கே போனதில்லை, சாவியை ஃப்ரிட்ஜில் வைப்பார்.

எக்ஸ் சர்வீஸ், வேளச்சேரி:
பல்லாவரம் சார், கார்கிலிலிருந்து திரும்பும்போது எனக்கு 22. மறதி அப்போதே வந்தது. இதில் வயசு எங்கே? இப்போது அபார்ட்மென்ட் கேட்டில் நிற்கிறேன். டெலிவரி பையன் "சி பிளாக் 304" என்பான், என் கண் அவன் பையின் ஜிப்பில் இருக்கும். மூன்றாம் தடவை கேட்டதற்கு ஒருவர், "காது கேக்காதா?" என்றார், எல்லார் முன்னாலும். காது நன்றாகக் கேட்கும். நம்பர் உள்ளே போகவே இல்லை சார், அப்புறம் எப்படி ஞாபகம் இருக்கும்?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
வேளச்சேரி தம்பி சொல்வது சரி. மூளை ஓயாமல் காவல் காத்தால் அன்றாட விஷயம் பதியாது. அதற்காக அப்பாவின் மறதியை அப்படியே விடாதீர்கள், ஆவடி. அமெரிக்காவில் 1,80,000க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்களைப் பார்த்து 2010இல் வந்த ஆய்வில், பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் இந்த மனப் பாதிப்பு (PTSD) உள்ளவர்களுக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் வரும் ஆபத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்காக இருந்தது. எதனால் எது என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. தைராய்டு, பி12 பாருங்கள். ராத்திரி கத்தி எழுந்திருக்கிறாரா? தூக்கத்துக்கென்று கேன்டீன் ரம் என்றால் அதுவும் ஞாபகத்தைக் கெடுக்கும். டாக்டரிடம் மறதியை மட்டும் சொல்லாதீர்கள், வெடிச் சத்தத்தையும் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.
எங்கள் வார்டில் ஒரு சுபேதார், மாத்திரை போட்டோமா என்று திரும்பத் திரும்பக் கேட்பார். கதவு தெரிகிற கட்டிலுக்கு மாற்றினோம். அன்றைக்குத்தான் தூங்கினார்.

ஆவடி மகள்:
கத்துவார் அக்கா. அம்மா இருந்தவரை அம்மா எழுப்பிவிடும். வேளச்சேரி அண்ணா, "காது கேக்கலையா"ன்னு நானும் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். போன வாரம்கூட.