எடைப் பெட்டி நின்ற இடம்: திடல் இழுவைப் போட்டியில் ஸ்லெட் எல்லாருக்கும் ஒன்றாக இருந்ததா?

செம்பனை ஓட்டுநர்:

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங்கிற்கு வெளியே நம் செம்பனைத் தோட்டத் திடலில் நடந்த டிராக்டர் இழுவைப் போட்டியில் நானும் கலந்துகொண்டேன். நான்காவதாக இழுத்தேன், பரிசு பெறவில்லை. முடிவை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. கயிற்றோரம் நின்று பார்த்த ஒன்றை இப்போது சொல்லாவிட்டால் அடுத்த முறையும் அதுவே நடக்கும் என்பதால் எழுதுகிறேன்.

வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்லெட் என்பது பின்புறம் சக்கரமும் முன்புறம் தரையில் உராயும் இரும்புத் தட்டும் கொண்ட நீண்ட வண்டி. அதன் தண்டவாளத்தின் மேல் உள்ள எடைப் பெட்டி புறப்படும்போது பின் சக்கரங்களுக்கு நேர்மேலே நிற்கும். பாரம் உருளுவதால் இழுப்பது எளிது. வண்டி நகர நகர, சக்கரத்தின் சுழற்சியே கியர், சங்கிலி வழியாகப் பெட்டியை முன்னால் இழுத்து வருகிறது. பாரம் சக்கரத்தை விட்டுத் தட்டின் மேல் இறங்குகிறது. தட்டு மண்ணைக் கவ்வக் கவ்வ, எத்தனை குதிரைத்திறன் உள்ள டிராக்டரும் ஓரிடத்தில் திணறி நின்றுவிடுகிறது. நின்ற தூரத்தை அளந்துதான் வெற்றி.

ஆறாவது டிராக்டர் முடித்த நேரத்தில் தூறல் விழுந்து, பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்த வேண்டிய சுண்ணாம்புக் கோடு கரைந்து போயிருந்தது. உதவிக்கு நின்ற இளைஞர் கண்மட்டத்தில் நிறுத்தினார். பழைய கோட்டை ஒட்டித் தண்டவாளத்தில் ஒரு வெல்டிங் தழும்பு இருந்ததை நான் காலையிலேயே கவனித்திருந்தேன். பெட்டி அந்தத் தழும்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நம் ஸ்லெட் 10 மீட்டர் ஓடினால் பெட்டி 1 மீட்டர் முன்னேறும். அப்படியானால் 20 சென்டிமீட்டர் பிழை என்பது 2 மீட்டர் ஓட்டத்துக்குச் சமம். ஏழாவதாக இழுத்தவர் 40ஆம் மீட்டரில் சந்தித்த உராய்வை மற்றவர்கள் 42ஆம் மீட்டரில்தான் சந்தித்திருப்பார்கள். அவர் இரண்டாம் இடத்தை இழந்தது 80 சென்டிமீட்டரில்.

பட்டறைக்காரர்:

தம்பி, அந்த ஸ்லெட்டை வெல்டிங் செய்து கொடுத்தவன் நான். பெட்டியைச் செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடையில் ஏற்றி, 4 டன் என்று சீட்டு வாங்கிய பிறகே திடலுக்குக் கொண்டு வந்தேன். டிராக்டரின் பின்னால் ஸ்லெட்டை மாட்டும் கொக்கியின் உயரத்தை எல்லாருக்கும் அளந்து, 50 சென்டிமீட்டருக்கு மேல் இருந்த ஒருவரின் கொக்கியை இறக்க வைத்தோம். கொக்கி உயர்ந்தால் இழுவிசை முன் சக்கரத்தின் பாரத்தைப் பின் சக்கரத்துக்குத் தள்ளி அதிகப் பிடிப்பைக் கொடுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். எல்லாரும் இழுத்தது ஒரே ஸ்லெட், ஒரே பெட்டி, ஒரே பாதை.

உண்மையான வேறுபாடு மண்ணில் இருக்கிறது. நம்முடையது கடலோரக் களிமண். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று மணிக்கு இழுத்தவரும் நாலரைக்கு இழுத்தவரும் ஒரே தரையில் இழுக்கவில்லை. அதனால்தான் சீட்டுக் குலுக்கி வரிசை போட்டோம். ஒரு சாண் இரும்பைப் பிடித்துக்கொண்டு தரையை மறந்துவிட்டால் அது நியாயம் ஆகாது.

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் தொடக்க காலத்தில் பாதையோரம் ஆட்கள் வரிசையாக நின்று, சறுக்கு நகர நகர ஒவ்வொருவராக அதன் மேல் ஏறுவார்களாம். ஒல்லியானவர் ஏறினால் ஒரு பாரம், பருத்தவர் ஏறினால் ஒரு பாரம். ஏறும் வேகத்துக்குத் தக்க ஓர் அடி வேறு. அந்த முறையை ஓரம் கட்டத்தான் பெட்டி நகரும் ஸ்லெட் வந்தது. அதோடு ஒப்பிட்டால் நம் ஸ்லெட் துலாக்கோல்.

செம்பனை ஓட்டுநர்:

அண்ணன், உங்கள் கைவேலையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மண்ணின் வேறுபாட்டை மனிதரால் தடுக்க முடியாது, அதற்குக் குலுக்கல் ஒரு பரிகாரம் என்பதை ஏற்கிறேன். பெட்டி நிற்கும் இடமோ நம் கையில் இருப்பது. தடுக்க முடியாத ஒரு பிழை இருக்கிறது என்பதற்காகத் தடுக்கக்கூடியதை விட்டுவிடலாமா?

அதுவும் தவிர, மண்ணும் ஸ்லெட்டும் நீங்கள் பிரிப்பதுபோல் தனித்தனியாக இல்லை. பெட்டியை நகர்த்துவது ஸ்லெட்டின் சக்கரம்தானே? ஈரக் களிமண்ணில் அந்தச் சக்கரம் சுழலாமல் வழுக்கிக்கொண்டு போனால், அந்த மட்டுக்குப் பெட்டி பின்தங்கும், பாரம் தாமதமாக இறங்கும். டயரில் காற்றுக் குறைந்து சுற்றளவு மாறினாலும் கணக்கு மாறும். எட்டாவது ஆள் முடித்தபோது நான் குனிந்து பார்த்தேன்: தட்டின் முன் விளிம்பில் களிமண் உள்ளங்கைக் கனத்துக்கு அப்பியிருந்தது, அதில் காய்ந்த செம்பனை ஓலை நார்கூட ஒட்டியிருந்தது. யாரும் அதைச் சுரண்டவில்லை. ஒன்பதாவது டிராக்டர் இரும்புத் தட்டை இழுக்கவில்லை, களிமண் தட்டை இழுத்தது.

பழைய எடைக் கிராணி:

இருபத்தேழு ஆண்டுகள் ஆலை எடைமேடையில் உட்கார்ந்து, லோரி லோரியாகக் குலைகளை நிறுத்து அனுப்பியவன் என்ற முறையில் ஒரு வார்த்தை சொல்ல அனுமதி கேட்கிறேன். நிறுவையில் ஒரு கிலோ பிசகினாலும் அது வெட்டுபவரின் கூலி. அதற்காகவே எடைமேடைகள் 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தின்கீழ் சோதிக்கப்படுகின்றன. ஆகவே 4 டன் சீட்டை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சீட்டு இந்த வழக்குக்குப் போதாது. டிராக்டரைத் தடுத்து நிறுத்துவது பெட்டியின் மொத்த எடை அல்ல, அதில் எவ்வளவு தட்டின் மேல் இறங்கியிருக்கிறது என்பதே. பெட்டி கடைசியில் இருக்கும்போது ஒரு முறை, நடுவில் ஒரு முறை, முன்னால் ஒரு முறை என்று தட்டை மட்டும் மேடைமேல் ஏற்றி, சக்கரங்களை வெளியே விட்டு எடை பார்த்தால்தான் ஸ்லெட்டின் குணம் தெரியும். மேடையும் வெளித்தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்து பொய் சொல்லும்; லோரியின் ஓர் அச்சை மட்டும் எடை பார்த்தவர்கள் இதை அறிவார்கள்.

ஓட்டுநர் தம்பியின் கணக்கிலும் ஒரு திருத்தம். பெட்டி 2 மீட்டர் அளவுக்கு முந்தியிருந்தால் டிராக்டர் சரியாக 2 மீட்டர் முன்பே நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. எடுத்த வேகம், என்ஜினின் மிச்சத் திறன் எல்லாம் அதில் சேரும். ஆனால் 80 சென்டிமீட்டர் அதற்குள் அடங்கக்கூடியது என்பதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏழாம் எண்:

ஏழாவதாக இழுத்தவன் நான்தான். எனக்காகப் பேசியவர்களுக்கு நன்றி. இரண்டாம் இடம் பெற்றவர் என் பக்கத்து லயத்துக்காரர், அவர் கோப்பையை நான் கேட்க மாட்டேன். எனக்கு உறுத்துவது வேறொன்று. முதலில் இழுத்தவருக்கு மட்டும் மறுமுறை இழுக்க வாய்ப்புக் கொடுத்தீர்கள். பெட்டி தவறான இடத்தில் நின்ற எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. எந்த நியாயத்தில்?

பட்டறைக்காரர்:

முதல் ஆளுக்குக் கொடுக்கும் வாய்ப்பு நாங்கள் இட்டுக்கட்டியதல்ல, தம்பி. ஸ்லெட்டில் வைத்த பாரம் அன்றைய தரைக்குப் பொருந்துகிறதா என்பதை முதல் இழுவையில்தான் அறிய முடியும். எல்லாரும் பாதையின் எல்லையைத் தாண்டிவிட்டாலும் போட்டி இல்லை, எல்லாரும் பாதியிலேயே நின்றாலும் போட்டி இல்லை. பாதையின் எல்லையைத் தொடும் முழு இழுவை அமெரிக்காவில் 300 அடி, ஐரோப்பாவில் 100 மீட்டர். அங்கேயும் முதல் ஆள் இழுத்த பிறகு பாரத்தையோ கியரையோ மாற்றுவது உண்டு. மாற்றினால் அவர் இழுத்தது வேறு ஸ்லெட் ஆகிவிடுகிறது, ஆகவே திரும்ப இழுக்க உரிமை. இந்த விதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பெட்டி விஷயத்தில் என் பக்கம் தவறு. சுண்ணாம்புக் கோட்டை நம்பியிருக்கக் கூடாது. நேற்று இரவு தண்டவாளத்தில் அந்த வெல்டிங் தழும்புக்கு நேராகத் துளை போட்டு, இரும்பு ஊசி ஒன்றைச் செருகிப் பார்த்தேன். பெட்டி அதில் முட்டி நிற்கிறது, அதற்கு முன்னாலும் நிற்காது, பின்னாலும் போகாது.

ஏழாம் எண்:

அந்த விளக்கத்தை ஏற்கிறேன், அண்ணன். ஆனால் ஸ்லெட்டில் ஏதாவது மாறியிருந்தால் இழுத்தவருக்கு மறுமுறை என்பதுதான் விதியின் உயிர் என்றால், அது ஏழாவது ஆளுக்கும் பொருந்த வேண்டும். இதை அடுத்த போட்டிக்கு முன் எழுத்தில் வைக்கும்வரை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

பழைய எடைக் கிராணி:

சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு மேல் ஆலையில் லோரி வரத்து குறையும். மேலாளரிடம் பேசிவிட்டேன், அரை மணி நேரம் எடைமேடையைத் தருகிறார். ஸ்லெட்டை இழுத்து வாருங்கள். தட்டைச் சுரண்ட ஒரு மண்வெட்டியும், டயர் காற்றைப் பார்க்க அளவியும் யாராவது கொண்டு வர வேண்டும்.

செம்பனை ஓட்டுநர்:

மண்வெட்டி நான் கொண்டு வருகிறேன்.