பசை பிடித்த இடமும் விட்ட இடமும்

குழு: ஆவாரம்பாளையம் வீடு

சனிக்கிழமை

[மாலை 6:42] நான்: ஐந்து சோதனைத் துண்டுகளையும் இன்று கல்லூரி ஆய்வகத்தின் இழுவிசை இயந்திரத்தில் இழுத்துப் பார்த்துவிட்டோம். எங்கள் போட்டி வண்டியின் சஸ்பென்ஷனுக்காக, கார்பன் குழாய்க்குள் அலுமினியச் செருகியை எபாக்சிப் பசையால் ஒட்டிய துண்டுகள் அவை. ஒட்டு விட்டுப்போன சுமை, முதல் துண்டிலிருந்து வரிசையாக, 11,800, 5,100, 13,200, 3,900, 12,400 நியூட்டன். கணினியில் போட்ட கணக்கு 27,500 என்று சொன்னது. எங்கே பிழைத்தோம் என்று எங்கள் அணியில் யாருக்கும் விளங்கவில்லை.

[மாலை 6:50] பெரியப்பா: எண்களைப் பிறகு பார்க்கலாம், அம்மிணி. பிய்ந்துபோன ஐந்து செருகிகளையும் வெளிச்சத்தில் வைத்துத் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்பு. எது எந்தத் துண்டு என்று பக்கத்தில் எழுதி வை.

[மாலை 6:58] அத்தை: சஸ்பென்ஷன் பாகங்கள்தான் சத்தி ரோட்டுக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்களே. இவ்வளவு சிரமப்பட்டு ஒட்டி, பிறகு நீங்களே அதைப் பிய்த்துப் பார்ப்பது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

[இரவு 7:11] நான்: அத்தை, கடையில் இருப்பவை ஆயிரம் கிலோ எடையுள்ள கார்களுக்கானவை. எங்கள் வண்டி ஓட்டுநரையும் சேர்த்து 275 கிலோதான். ஜனவரியில் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு, மாணவர்களே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை இருக்கை வண்டியைத்தான் கொண்டுபோக வேண்டும். ஓட்டுநர் அமர்ந்திருக்கும்போது ஒவ்வொரு சக்கரமும் மேலும் கீழுமாகச் சேர்த்துக் குறைந்தது 50 மி.மீ. அசைய வேண்டும் என்பது விதி. ஸ்பிரிங்கையும் அதன் துள்ளலை அடக்கும் டேம்பரையும் நாங்களும் விலைக்குத்தான் வாங்கியிருக்கிறோம். மலைச் சைக்கிளுக்குச் செய்யப்பட்ட டேம்பர் எங்கள் எடைக்குச் சரியாக அமைந்துவிட்டது. ஒரு சக்கரத்தின் பங்கில் ஸ்பிரிங் தாங்கும் எடை 55 கிலோ. வண்டி நொடிக்கு 2.8 முறை அசையும் அளவுக்கு விறைப்பு வேண்டும் என்று முடிவு செய்தோம். அதற்குச் சக்கரத்தில் ஒரு மி.மீ.க்கு 17 நியூட்டன் தேவை. சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் 8 மி.மீ. அமுங்கும்படி, சக்கரத்தின் அசைவைத் திருப்பி ஸ்பிரிங்குக்குக் கொடுக்கும் நெம்புகோலான பெல் கிராங்கை அமைத்திருப்பதால், 17-ஐ 0.8-இன் வர்க்கத்தால் வகுத்து, மி.மீ.க்கு 26.6 நியூட்டன் என்று கணக்கிட்டு, அதற்கு மிக அருகில் கிடைத்த ஸ்பிரிங்கை வாங்கினோம். சக்கரத்தைச் சேசிஸோடு பிணைக்கும் ஏ-ஆர்ம், ஸ்பிரிங்கைத் தள்ளும் புஷ்ராடு, பெல் கிராங்க் ஆகியவற்றை நாங்களே செய்தாக வேண்டும்.

[இரவு 7:15] அத்தை: பாதி புரிந்தது. மீதியை நேரில் வரும்போது சொல்.

[இரவு 7:24] அண்ணன் (புணே): 27,500 என்ற எண் எங்கிருந்து வந்தது? குழாயின் உள்விட்டம் 14 மி.மீ., செருகியின் நீளம் 25 மி.மீ., ஆகவே ஒட்டுப்பரப்பு 1,100 சதுர மி.மீ.; பசைக்காரர்கள் தாளில் அச்சிட்டிருக்கும் 25 மெகாபாஸ்கலால், அதாவது சதுர மி.மீ.க்கு 25 நியூட்டனால், அதைப் பெருக்கிவிட்டாய், அப்படித்தானே? அந்த 25 என்பது தட்டையான இரண்டு தகடுகளை ஏறத்தாழ அரை அங்குலம் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்டி இழுத்த சோதனையில் வரும் மதிப்பு. ஒட்டு நீளமாக நீளமாக இரு முனைகளும்தான் சுமையை வாங்கும். நடுப்பகுதி பெரும்பாலும் சும்மா இருக்கும். சுவரொட்டியைக் கிழிக்கும்போது விளிம்பு விட்டுக்கொடுத்த பிறகுதானே நடுவுக்கு வேலை வருகிறது? ஆகவே 12,000, 13,000 என்று வந்த மூன்றும் எனக்கு வியப்பளிக்கவில்லை. உண்மையில் கேள்விக்குரியவை 5,100-உம் 3,900-உம்தான்.

[இரவு 7:40] நான்: படங்களை அனுப்பியிருக்கிறேன், பெரியப்பா.

[இரவு 7:52] பெரியப்பா: பார்த்தேன். முதல், மூன்றாம், ஐந்தாம் துண்டுகளில் பசை நடுவே கிழிந்து, செருகியிலும் பாதி, குழாய்க்குள்ளும் பாதி என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே பசை தன் வேலையைச் செய்துவிட்டுத்தான் தோற்றிருக்கிறது. இரண்டாவதையும் நான்காவதையும் பார். அலுமினியம் கடைந்தெடுத்த நாள்போலப் பளபளவென்று இருக்கிறது, பசை மொத்தமும் குழாயோடு போய்விட்டது. அந்த இரண்டிலும் பசை அலுமினியத்தை ஒருபோதும் பிடிக்கவே இல்லை. செருகிகளை எப்போது கடைந்தீர்கள், எப்போது ஒட்டினீர்கள், நடுவில் யார் கை பட்டது?

[இரவு 8:05] நான்: வியாழக்கிழமை கல்லூரிப் பணிமனையில் லேத்தில் கடைந்தோம். மூன்றை அன்று மாலையே உப்புத்தாள் போட்டு, அசிட்டோனில் துடைத்து, ஒட்டிவிட்டோம். பசை தீர்ந்துவிட்டதால் மற்ற இரண்டையும் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் பிற்பகல்தான் ஒட்டினோம். மறுபடி உப்புத்தாள் போடவில்லை. வெறுங்கையால் எடுத்தது நான்தான்.

[இரவு 8:09] பெரியப்பா: விடை உன்னிடமே இருந்திருக்கிறது. அலுமினியத்தைத் தேய்த்த கணத்திலிருந்தே காற்று அதன்மேல் படலம் போடத் தொடங்கிவிடும். கை எண்ணெய் அதற்கு மேல். தேய்த்த கையோடு ஒட்ட வேண்டும். கட்டிங் ஆயில் பட்ட துணியால் துடைத்தால் அசிட்டோனும் பயன்படாது. வெள்ளைத் துணி அழுக்கே காட்டாத வரை துடைக்க வேண்டும்.

[இரவு 8:21] அம்மா: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வண்டியில் இருக்கும்போது இந்தக் குழாய்க்கு எவ்வளவு சுமை வரும்? அது 3,900-ஐவிடக் கூடவா, குறையவா?

[இரவு 8:34] நான்: கூடத்தான், அம்மா. முழு பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரத்தின் கீழ் ஏ-ஆர்மில் ஒரு காலுக்கு 4,200 நியூட்டன் வருகிறது. பிரேக் விசை அவ்வளவு பெரியது அன்று. ஆனால் ஏ-ஆர்மின் இரண்டு கால்களும் குறுகலாக இருப்பதால், கால்களை நெருக்கி வைத்த ஏணியைப் பக்கவாட்டில் தள்ளினால் ஆவதைப்போல, ஒரு காலில் இழுப்பும் மறு காலில் அழுத்தமும் பெருகிவிடுகின்றன.

[இரவு 8:36] அம்மா: அப்படியானால் சராசரி பேசி என்னைத் தேற்ற வேண்டாம்.

[இரவு 8:44] அண்ணன் (புணே): அம்மா கேட்டதைத்தான் எங்கள் சோதனைக்கூடத்திலும் முதலில் கேட்பார்கள். ஐந்தின் சராசரி 9,280, தேவையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் என்று அறிக்கையில் எழுதலாம். எழுதினால் பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் வண்டியில் சராசரிக் குழாய் என்று ஒன்றை யாரும் மாட்டுவதில்லை. நான்காவது துண்டை மாட்டியிருந்தால் முதல் பிரேக்கிலேயே சக்கரம் மடங்கியிருக்கும்.

[இரவு 9:02] தாத்தா: குரல் பதிவு கூடாது, ஆங்கில எழுத்தில் தமிழ் கூடாது என்று நான் இட்ட விதியை இன்று அனைவரும் மதித்திருப்பது கண்டு மகிழ்கிறேன். ஓர் ஐயம். இவ்வளவு இடர் இருக்குமானால், இரும்புக் குழாயை விட்டுக் கார்பனுக்குப் போவதால் கிடைக்கும் பயன் யாது?

[இரவு 9:15] நான்: எடை குறையும், தாத்தா. 16 மி.மீ. விட்டமும் ஒன்றரை மி.மீ. தடிமனும் கொண்ட எஃகுக் குழாய் மீட்டருக்கு 536 கிராம். எங்கள் கார்பன் குழாய் 75 கிராம். எட்டு ஏ-ஆர்ம்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 4.8 மீட்டர் தேவை. அலுமினியச் செருகிகளின் எடையைக் கழித்துப் பார்த்தால் 1.7 கிலோ மிச்சமாகிறது.

[இரவு 9:19] பெரியப்பா: 275 கிலோவில் 1.7 கிலோ. உங்கள் ஓட்டுநரிடம் ஒரு மாதம் இரவில் பரோட்டா சாப்பிட வேண்டாம் என்று சொல்லியிருந்தால் பசைச் செலவு மிஞ்சியிருக்கும்.

[இரவு 9:22] நான்: சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதியில் குறையும் எடைக்கு மதிப்பு கூட, பெரியப்பா. வடிவமைப்புத் தேர்வுக்கு மட்டும் 150 மதிப்பெண் இருக்கிறது.

[இரவு 9:26] பெரியப்பா: அந்த மதிப்பெண் கார்பனுக்குக் கொடுப்பதா, காரணம் சொல்லத் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பதா என்று யோசி. நாளைக் காலை 8 மணிக்குச் செருகிக் கம்பியோடு பட்டறைக்கு வா.

ஞாயிற்றுக்கிழமை

[பிற்பகல் 1:37] நான்: பட்டறையில் இன்று நடந்ததை அண்ணனுக்காக எழுதி வைக்கிறேன். குழாயின் உள்விட்டம் 14 மி.மீ.; செருகியை 13.6 மி.மீ.க்குக் கடைந்தோம், சுற்றிலும் 0.2 மி.மீ. பசைக்கு இடம் கிடைக்கும். ஆனால் பழைய துண்டு ஒன்றைப் பெரியப்பா குறுக்கே அறுத்துக் காட்டியபோது, பசை ஒரு பக்கம் தடித்தும் மறு பக்கம் ஏறக்குறைய இல்லாமலும் இருந்ததைப் பார்த்தேன். செருகி குழாயின் சுவரில் சாய்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இதைச் சரிசெய்ய அவர் மோட்டார் வைண்டிங் செய்யும் பக்கத்துக் கடையிலிருந்து 36 கேஜ் கம்பி கொஞ்சம் வாங்கி வந்தார். அதன் தடிமன் 0.19 மி.மீ. செருகியின் நீளவாக்கில் மூன்று இடங்களில் அதை ஒட்டி உள்ளே தள்ளினால் செருகி தானாகவே நடுவில் நிற்கிறது.

[பிற்பகல் 1:58] அண்ணன் (புணே): அருமை. அதனால் இன்னொரு நன்மையும் உண்டு. கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு ஈரமும் சேர்ந்தால், அலுமினியம் மெல்ல அரிக்கப்பட்டுவிடும். சுற்றிலும் சீரான பசைப்படலம் இருந்தால் இரண்டும் தொடாது. செருகியின் உள்முனையை உட்புறமாகக் குடைந்து, விளிம்பை மெல்லியதாக்கினீர்களா? முனையில் குவியும் சுமை அதனால் தணியும்.

[பிற்பகல் 2:06] பெரியப்பா: குடைந்தாகிவிட்டது. விளிம்பில் முக்கால் மி.மீ. விட்டிருக்கிறேன். அதற்கு மேல் மெலிந்தால் என் பழைய லேத் அதிர்ந்து கெடுத்துவிடும்.

[பிற்பகல் 2:15] அண்ணன் (புணே): பசை அறை வெப்பத்தில் இறுகியதா, சூடு காட்டினீர்களா? அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்சி பெரும்பாலும் 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். பிரேக் டிஸ்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் உட்காரப்போகும் ஒட்டு அது. பசைத்தாளில் சொல்லியிருக்கும் வெப்பத்துக்கு ஏற்றி, அதே அளவு நேரம் வைத்து எடு.

[பிற்பகல் 2:19] அம்மா: வீட்டு அடுப்பிலா வைக்கப்போகிறீர்கள்?

[பிற்பகல் 2:20] நான்: இல்லை அம்மா, ஆய்வகத்தில் உலர்த்தும் பெட்டி இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை

[மாலை 5:48] நான்: புதிய ஐந்து துண்டுகள்: 14,100, 13,600, 14,400, 13,900, 13,500. ஐந்திலும் பசை நடுவில்தான் கிழிந்திருக்கிறது. பளபளப்பான செருகி ஒன்றுகூட இல்லை. மிகக் குறைந்த துண்டே தேவையைப்போல மூன்று மடங்குக்கு மேல் தாங்கியிருக்கிறது.

[மாலை 5:55] பெரியப்பா: போன வாரம் மேலுக்கும் கீழுக்கும் 9,300 வித்தியாசம், இந்த வாரம் 900. எனக்கு இதுதான் பெரிய செய்தி. கை பழகிவிட்டது என்று பொருள்.

[மாலை 6:10] நான்: ஆகவே ஏ-ஆர்ம்களைக் கார்பனிலேயே செய்துவிடலாம் என்று அணியில் சொல்கிறார்கள்.

[மாலை 6:31] அண்ணன் (புணே): ஒரே இழுப்பில் 13,500 தாங்கியது சரி. ஆனால் ஏ-ஆர்மின் கால் ஒவ்வொரு பிரேக்குக்கும் வளைவுக்கும் ஒரு முறை இழுபட்டும் ஒரு முறை அமுங்கியும் திரும்பத் திரும்ப உழைக்கும். போட்டியின் என்டியூரன்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டம் மட்டுமே ஏறத்தாழ 22 கிலோமீட்டர், அதற்கு முன் உங்கள் பயிற்சி ஓட்டங்கள் வேறு. அந்த உழைப்பில் ஒட்டு சோர்ந்துபோகுமா என்பதற்கு உன் கையில் ஓர் எண்கூட இல்லை. புஷ்ராடின் நிலை வேறு. அதற்கு ஏறக்குறைய எப்போதும் அழுத்தம்தான். செருகிக்கு, குழாயின் வாயில் வந்து முட்டும்படி தடித்த ஒரு தோள் விட்டுக் கடைந்தால் சுமை பசைக்குப் போகாமல் தோள் வழியாகக் குழாயின் வாய்க்கே போய்விடும். அங்கே நீ பயப்பட வேண்டியது குழாய் வளைந்து ஒடிவதற்கு மட்டுமே.

[மாலை 6:47] நான்: அதைக் கணக்கிட்டுவிட்டேன். புஷ்ராடின் நீளம் 400 மி.மீ.; வளைந்து ஒடியும் சுமை 6,500 நியூட்டனை ஒட்டி வருகிறது. குழியில் விழும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமை 3,000-க்குக் கீழ்.

[மாலை 6:52] பெரியப்பா: அப்படியானால் இந்த ஆண்டு நான்கு புஷ்ராடும் கார்பன், ஏ-ஆர்ம் எட்டும் எஃகு. எஃகுக் குழாயை அசையாமல் பிடித்து வெல்டிங் செய்வதற்கான ஜிக் என் பட்டறையில் தயாராகவே இருக்கிறது. இதில் உனக்கு வருத்தம் இருக்கும், எனக்குத் தெரியும்.

[இரவு 7:30] நான்: வருத்தம்தான். ஆனால் நடுவர் "ஏன் எஃகு?" என்று கேட்டால் பிய்ந்த பத்துச் செருகிகளையும் மேசையில் வரிசையாக வைக்கப்போகிறேன். நான்காவதை முதலில் வைப்பேன்.

[இரவு 7:41] பெரியப்பா: இன்னொன்று. பட்டறையில் இரும்பு அறுக்கும் மின்ரம்பம், பழைய பவர் ஆக்ஸா ஒன்று மூலையில் கிடக்கிறது. பிளேடைக் கழற்றிவிட்டு, அதன் கை போய் வரும் இடத்தில் மி.மீ.க்கு 10 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங்கை மாட்டினால், 100 மி.மீ. வீச்சில் 1,000 நியூட்டன் இழுக்கும். நடுவில் ஒன்றுக்கு நான்கு என்று ஒரு நெம்புகோலை வைத்தால் துண்டுக்கு 4,000. நிமிடத்துக்கு 60 முறை. அண்ணன் கேட்ட எண்ணை நாமே எடுத்துவிடலாம். அடுத்த ஆண்டு அணிக்காவது உதவும்.

[இரவு 7:44] அண்ணன் (புணே): எங்கள் ஆய்வகத்தில் இதே வேலைக்கு ஓர் அறை முழுக்க ஹைட்ராலிக் இயந்திரம் வைத்திருக்கிறோம், பெரியப்பா. உங்களுடையது இழுக்க மட்டும்தான் செய்யும், அமுக்காது, ஆனாலும் தொடங்குங்கள்.

புதன்கிழமை

[இரவு 8:16] பெரியப்பா: காலை 9 மணிக்கு ஓட விட்டேன். மாலை 5 மணிக்கு எண்ணி 28,800 முறை ஆனது. செருகியின் மேல் பேனாவால் போட்ட கோடு குழாய்க் கோட்டோடு அப்படியே நிற்கிறது, ஒட்டு ஒரு மயிரிழையும் நகரவில்லை. ஆறரை மணிக்கு ரம்பத்தின் பெல்ட்தான் அறுந்துவிட்டது. நாளை கல்லூரி முடிந்து வரும்போது ஏ-42 வி-பெல்ட் ஒன்று வாங்கி வா, அம்மிணி.